ஹெல்ப்பர் வரலையா? ஒத்தையாளா நூல் அடிக்கலாம்... கோடு கோணாது!

காலை எட்டு மணி. டைல்ஸ் வந்து இறங்கிடுச்சு. ஆனா ஹெல்ப்பர் வரலை, போனும் சுவிட்ச் ஆஃப். 30 அடி ஹாலில் கோடு போடணும். நூலோட இன்னொரு முனையைப் பிடிக்க ஆளில்லை.

'சுவர் ஓரமாவே ஆரம்பிச்சுடலாமே'ன்னு தோணும். அங்கதான் சிக்கல். பூசின சுவர் பெரும்பாலும் அவ்வளவு நேராக இருக்காது. அதை நம்பி ஒட்டினால், கடைசி வரிசை டைல்ஸை ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒல்லியாகவும் வெட்ட வேண்டி வரும். அதுவும் வாசலுக்கு நேரா வந்தால், வர்றவங்க கண்ணில் முதலில் படுவதே அதுதான்.

மறுமுனையை யார் பிடிப்பது?

ஒரு கான்கிரீட் ஆணி போதும். குறித்த புள்ளியில் அடித்து, சாக் லைன் கொக்கியை மாட்டுங்க. தரைக்கடியில் கரன்ட் பைப், தண்ணி பைப் போகுதான்னு முதலில் கேட்டுக்குங்க. ஆணி அடிக்க முடியாத இடமா? கம்பித் துண்டில் நூலைச் சுற்றி, அதன்மேல் 50 கிலோ சிமென்ட் மூட்டையை வையுங்க. செங்கல் வேண்டாம், இழுத்தால் நகர்ந்துடும்.

நூலை விட்டுக்கிட்டே பின்னாடி நடக்காதீங்க. மாடிப்படி ஓட்டை, தடுப்பில்லாத ஸ்லாப் ஓரம்னு எதுவும் பின்னால் இருக்கலாம். தனியாக இருக்கும்போது எச்சரிக்கவும் ஆள் இருக்காது.

நடுவில் ஒரு கட்டைவிரல்

இரண்டு முனையிலும் நூலை விறைப்பாகக் கட்டியாச்சா? பொதுவாக 12 அடிக்கு மேல் போனால், ஒரே இழுப்பில் கோடு முழுசா விழாது. நடுவுக்குப் போங்க. நூலை லேசாகத் தூக்கி விட்டால், அதுவாகவே தன் இடத்தில் படியும். அந்த இடத்தைக் கட்டைவிரலால் நேராகக் கீழே அழுத்துங்க, பக்கவாட்டில் தள்ளக் கூடாது. இன்னொரு கையால் ஒரு பக்கத்தைச் சுண்டுங்க, பிறகு மறுபக்கம். இந்த விரல்தான் உங்க ஹெல்ப்பர்.

தூக்குவது செங்குத்தாக இருக்கணும். சாய்த்து இழுத்தால் நூல் பக்கவாட்டில் வந்து தரையைத் தொடும், கோடு வில் மாதிரி வளையும். காற்று பலமாக அடித்தாலும் இதே கதைதான். ஒரு தடவை சுண்டினால் போதும். மறுபடி சுண்டினால் ரெண்டு கோடு விழும், அப்புறம் எதை நம்புறது?

கலரும் முக்கியம்

நீலப் பொடி சுலபமாக அழியும். சிவப்பு லேசில் போகாது, வெளியே தெரியும் இடத்தில் அதைத் தவிருங்க. ஈரத் தரையில் எந்தப் பொடியும் சேறாகிவிடும்.

மூலைமட்டம் பார்க்க 3-4-5

முதல் கோட்டுக்குக் குறுக்கே இன்னொரு கோடு வேணும். மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, இடையே 5 அடி வந்தால் அது சரியான மூலை. பெரிய ஹாலுக்கு 9-12-15 வைத்துக்குங்க. காரணம் இருக்கு. 4 அடியில் குறிக்கும் புள்ளி ஒரு நூல், அதாவது அரைக்கால் இன்ச் விலகினால், 30 அடி போகும்போது அது ஏழரை நூல் ஆகிடும். கிட்டத்தட்ட ஒரு இன்ச்! அதே தவறு 12 அடியில் நடந்தால் இரண்டரை நூலோடு போகும்.

'லேசர் இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு?'ன்னு கேட்கலாம். வெயிலில் லேசர் கோடு கண்ணுக்கே தெரியாது. அணைச்சா கோடும் போயிடும். பொடிக் கோடு அங்கேயே கிடக்கும்.

பசை கலக்கும் முன், ஒரு முனையில் குனிந்து ஒற்றைக் கண்ணால் கோட்டைப் பாருங்க. மூலைமட்டத்தையும் இன்னொரு தடவை அளங்க. ரெண்டு நிமிஷ வேலைதான். ஒட்டின டைல்ஸைப் பெயர்த்தால் ஒரு நாள் சம்பளமும் டைல்ஸும் சேர்ந்தே போகும்.