கையளிப்புக்குப் பின்னர்

இலங்கையின் இலவசக் கல்வி 1945 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்து, 1980 இல் பாடநூல்களையும் 1993 இல் சீருடையையும் தன்னுள் சேர்த்துக்கொண்டதாயினும், கணினியும் இணைய இணைப்பும் இன்றுவரை அதன் எல்லைக்கு வெளியிலேயே நிற்கின்றன. அவை ஒரு மாணவருக்குக் கிட்டுமா என்பதைக் குடும்ப வருமானமே தீர்மானிக்கிறது. எண்ணிம இடைவெளி எனப்படும் இந்த ஏற்றத்தாழ்வு நாடு முழுவதற்கும் பொதுவானதே; எனினும், 2009 இல் போர் முடிந்தபோது வீட்டையும் கால்நடையையும் இழந்து, வவுனியா மெனிக் பாம் முகாமிலிருந்து வெறுங்கையுடன் மீளக்குடியேறிய குடும்பங்கள் நிறைந்த கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் அது கூடுதல் ஆழமுடையது.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் வட்ஸ்அப்புக்கும் சூமுக்கும் இடம்மாறியபோது, இலங்கைக் குடும்பங்களில் ஐந்தில் ஒன்றைச் சற்றே தாண்டிய பங்கினரிடம் மட்டுமே கணினி இருந்தது. கூலி வேலைக்குச் செல்லும் தந்தையிடமே வீட்டின் ஒரே கைபேசி இருக்கும் நிலையில், காலையில் அனுப்பப்பட்ட பாடம் இரவில்தான் பிள்ளையின் கைக்கு வரும். பிள்ளைகள் மூவரென்றால் அதற்கும் முறை வைக்க வேண்டும். 2022 இல் ஒரு டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை உயர்ந்ததும், இறக்குமதிப் பொருளான மடிக்கணினி இத்தகைய வீடுகளுக்கு மேலும் எட்டாததாயிற்று.

பாடசாலைக்குள் சிக்கல் வேறுவிதமானது. மஹிந்தோதய ஆய்வுகூடங்கள் போன்ற அரசுத் திட்டங்கள் வழியாகவும், புலம்பெயர்ந்த பழைய மாணவரின் நன்கொடையாகவும் கணினிகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் நாடா வெட்டிக் கையளித்த பின்னர் அவற்றை யார் பராமரிப்பது, மின்கட்டணத்தை யார் செலுத்துவது, மின்கலம் செத்துப்போனால் யார் மாற்றுவது என்பவை பெரும்பாலும் அதிபரின் தலையில் விழும் கேள்விகளாகின்றன. (கையளிப்பு நிகழ்வின் ஒளிப்படத்தில் பழுதுபார்ப்பவருக்கு இடமிருப்பதில்லை.) தேர்வு முறையும் இந்தக் கவனிப்பின்மைக்குத் துணைபோகிறது: க.பொ.த. சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடம் எழுத்துப் பரீட்சையாலேயே மதிப்பிடப்படுவதால், விசைப்பலகையைத் தொடாத மாணவரும் அதில் சித்தியடைய முடியும். எனவே ஆய்வுகூடம் பூட்டிக் கிடந்தாலும் பெறுபேற்று அட்டவணை அதைக் காட்டிக்கொடுக்காது.

மொழி சார்ந்த தடையொன்றும் உண்டு. இலங்கைத் தமிழரிடையே நெடுங்காலம் வழக்கிலிருக்கும் பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்தும் ஓர் ஏற்பாடு. பாமினியில் எழுதிய பக்கம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகச் சிதறும், தேடினாலும் அகப்படாது. தமிழ் எழுத்துகளுக்கு உரிய குறியெண்களை எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக வகுத்திருக்கும் ஒருங்குறியில் இந்த இடர் இல்லை. ஆசிரியரின் பழைய வினாத்தாள் பாமினியிலும் மாணவரின் கைபேசி ஒருங்குறியிலும் இருந்தால், இரண்டும் தமிழாயிருந்தும் ஒன்றையொன்று அறியா. ஆண்டாண்டாகத் தட்டச்சு செய்யப்பட்ட பயிற்சித் தாள்களை மாற்றியெடுப்பது செலவு குறைந்த, ஆனால் எவரும் பெருமைக்காகச் செய்ய முன்வராத பணியாகும்.

கருவிகளை வழங்குவதாலேயே கற்றல் உயர்ந்துவிடாது என்பதற்குப் பெரு நாடு சான்று: அங்கு மாணவருக்கு மடிக்கணினி வழங்கிய திட்டத்தை ஆராய்ந்து 2012 இல் வெளிவந்த ஆய்வு, கணினிப் பயன்பாடு பெருகியபோதும் கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றம் காணப்படவில்லை என்றது. பயிற்றுவோரும் பராமரிப்போரும் வேண்டும். கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அடங்கிய வன்னியில் அத்தகையோரை உருவாக்கும் இடங்களுக்குப் பஞ்சமில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. இவற்றின் மாணவர்கள் தவணைக்கு ஒருமுறை அயற்பாடசாலைகளின் கணினிகளைச் சீர்செய்வதைத் தம் பயிற்சியின் பகுதியாக்கினால் இரு தரப்புக்கும் நன்மையே. இணையம் தளர்ந்த ஊர்களில், பாடங்களை முன்கூட்டியே சேமித்து வகுப்பறைக்குள் மட்டும் வழங்கும் சிறு கணினியான உள்ளகச் சேவையகம் டேட்டாச் செலவையும் தவிர்க்கும்.

அடுத்த முறை பத்துக் கணினிகளுக்கு நிதி திரட்டும் பழைய மாணவர் சங்கங்கள், ஏழு கணினிகளை மட்டும் வாங்கி, மூன்றின் பணத்தைப் பழுதுபார்ப்புக்கும் மின்கட்டணத்துக்குமென வங்கியில் வைப்பிலிடுவது பற்றிச் சிந்திக்க வேண்டும்.