பழஞ்சொல்லும் பழவேற்காடும்



பழவேற்காட்டு ஏரிக்கரையிலுள்ள மீனவர் குப்பத்தில், 'இன்று எங்கள் பாடு' என்று ஒருவர் சொன்னால் என்ன நினைப்பீர்கள்? 'படாத பாடு' என்னும் வழக்கையே அறிந்த நாம், அவருக்கு ஏதோ துன்பம் நேர்ந்தது என்று இரங்குவோம். அவரோ மகிழ்ச்சியோடு வலையைத் தூக்கிப் புறப்படுவார்! அங்கே பாடு என்பது மீன்படும் இடத்தையும், அவ்விடத்தில் முறைப்படி வலையிடும் உரிமையையும் குறிக்கும். இறால் மிகுந்த இடங்கள் சில, வலைகளோ பல. சச்சரவின்றி அனைவரும் பிழைக்க முன்னோர் வகுத்த முறை அது. அச்சொல்லைத் தவறாகப் பொருள் கொள்பவன், ஓர் ஊரின் சட்டத்தையே அறியாதவனாகிறான்.

தொல்காப்பியம் நெய்தல் நிலத்துக்குரிய பொழுதை 'எற்பாடு' என்கிறது. அங்கே பாடு என்பது கதிரவன் சாய்தல். சொல் ஒன்றே, பொருள் வேறு.

ஷேக்ஸ்பியரின் நாடகங்களைப் பயிலும்போதும் இவ்விடர்ப்பாடே நம்மை எதிர்கொள்கிறது. எலிசபெத் அரசி 1603-இல் மறைந்தார். பழவேற்காட்டில் டச்சுக்காரரின் கெல்டிரியாக் கோட்டை எழுந்த 1613-ஆம் ஆண்டில் ஷேக்ஸ்பியர் உயிரோடிருந்தார், 1616-இல் மறைந்தார். நானூறு ஆண்டுகளில் சொற்களின் பொருள் மாறாதிருக்குமா?

முற்றும் அறியாத சொல்லால் நமக்குத் தீங்கில்லை, அகராதியைப் புரட்டிவிடுவோம். அறிந்ததுபோல் தோன்றும் சொல்லே நம்மை ஏமாற்றுவது. ஆவியின் பின்னே செல்லத் துடிக்கும் ஹாம்லெட்டைத் தோழர் பிடித்துக்கொள்கின்றனர். தன்னை 'லெட்' செய்பவனைக் கொல்வதாக அவன் வெகுள்கிறான். இன்று அச்சொல்லுக்கு 'விடு' என்பது பொருள். அங்கோ 'தடு' என்பது பொருள். இன்றைய பொருளைக் கொண்டால், தன்னைப் போகவிடுபவனையே அவன் கொல்லப் புறப்பட்டதாக முடியும்! ஜூலியட் கூறும் 'வேர்ஃபோர்' என்பதும் 'எங்கே' அன்று, 'ஏன்' என்பதே. பகைவர் குலத்தில் நீ ஏன் ரோமியோவாக இருக்கிறாய் என்று அவள் வருந்துகிறாள்.

ஒன்றில் மட்டும் தமிழ் மாணவர்க்கு நல்வாய்ப்பு உண்டு. அக்கால ஆங்கிலத்தில் 'தௌ', 'யூ' என இரு முன்னிலைச் சொற்கள் வழங்கின. அவை ஏறத்தாழ நம் 'நீ', 'நீங்கள்' போன்றவை. லியர் மன்னனின் அவையில், அவனிடம் பேரன்பு பூண்ட கென்ட் பிரபு மன்னனையே 'தௌ' என்று விளிக்கிறான். குப்பத்துப் பஞ்சாயத்தில் ஓர் இளைஞன் பெரியவரை 'நீ' என்றால் எழும் அதிர்ச்சியை நினைத்துப் பாருங்கள். அக்காட்சியின் வேகம் விளங்கிவிடும்.

ஆகவே, பழைய நாடகத்தைப் படிக்கும்போது விரையாதீர்கள். யார், யாரிடம், எந்நிலையில் பேசுகிறார் என்று பாருங்கள். நீங்கள் கொண்ட பொருள் அடுத்து நிகழும் செயலோடு முரண்பட்டால், ஐயம் கொள்ளுங்கள். மகிழ்ச்சியோடு வலையெடுத்துச் செல்பவரின் முகமன்றோ 'பாடு' துன்பமன்று என்பதை நமக்கு உணர்த்தியது? நாடகத்திலும் அம்முகத்தைத் தேடுங்கள்.