உந்தல் ஒன்று, அளவு பல

டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. நெருக்கப்பட்ட காற்று சிலிண்டருக்குள் கொதித்து நிற்கும். டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். அந்தப் பீய்ச்சல்தான் சிக்கல். 1897-இல் ருடால்ஃப் டீசல் ஓட்டிக்காட்டிய என்ஜின், எரிபொருளை உள்ளே தள்ள அழுத்தக் காற்றை நம்பியது. அதற்குத் தனி கம்ப்ரசர் வேண்டும். கப்பலுக்குச் சரி, லாரிக்குப் பளு. ஜெர்மனியில் ராபர்ட் போஷ் 1922-இல், கம்ப்ரசர் இல்லாமல் டீசலைப் பீய்ச்சும் பம்ப் செய்ய இறங்கினார். அவர் நிறுவனத்தின் பம்ப் 1927-இல் வரிசை உற்பத்திக்கு வந்தது; டீசல் லாரி பெருக வழி பிறந்தது.

நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடும் நான்கு வீச்சு என்ஜினில், ஒரு சிலிண்டருக்கு நிமிடத்துக்கு 1000 முறை டீசல் போக வேண்டும். லாரி முழுப் பாரம் இழுக்கும்போதும் ஒவ்வொரு முறை போவது சில சொட்டுதான். சும்மா நிற்கும்போது அதிலும் சிறு பங்கு. இந்த அளவை ஏற்றி இறக்குவது எப்படி?

பம்புக்குள், மெக்கானிக்குகள் 'எலிமென்ட்' என்று சொல்லும் ஜோடியில் விடை இருக்கிறது: பேரல் என்னும் குழல், அதற்குள் பிளஞ்சர் என்னும் தண்டு. கேம் தள்ள, பிளஞ்சர் மேலேறும். அந்த ஏற்றத்தின் உயரம் ஒருபோதும் மாறாது. பேரலின் பக்கத் துளையைப் பிளஞ்சரின் மேல்விளிம்பு மூடியதும் டீசல் சிறைப்படும். அழுத்தம் எகிறி, நாசில் திறக்கும். பிளஞ்சரின் உடலில் சாய்வாக ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். அதன் விளிம்பு துளையை எட்டியதும் டீசல் பின்வழியாகத் தப்பிவிடும். பீய்ச்சல் சட்டென்று நிற்கும். பிளஞ்சரைச் சற்றே திருப்பினால், சாய்வின் வேறோர் இடம் துளைக்கு நேராக வரும். பீய்ச்சல் முந்தியோ பிந்தியோ முடியும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது, வேகக் கட்டுப்பாட்டுக் கருவியான கவர்னர் வழியாக, ரேக் என்னும் பல்தண்டு நகர்ந்து செய்வது இந்தத் திருப்பலைத்தான். செங்குத்துப் பள்ளம் துளைக்கு நேராக வந்தால் அழுத்தமே ஏறாது, என்ஜின் அணைந்துவிடும்.

பீய்ச்சும்போது எகிறும் அழுத்தத்தைத் தாங்க வாஷரோ ரப்பரோ கிடையாது. பேரலுக்கும் பிளஞ்சருக்கும் நடுவே சில மைக்ரான் இடைவெளி. தலைமுடியின் தடிமனில் மிகச் சிறு பங்கு. ஜோடி சேர்த்தே இழைத்திருப்பதால் ஒன்றின் பிளஞ்சர் மற்றொன்றின் பேரலுக்கு உதவாது. அவற்றுக்கு மசகும் டீசலேதான். தண்ணீரோ தூசியோ கலந்தால் முதலில் கெடுவதும் இந்த ஜோடிதான்.

1997-இல் காருக்கு வந்த காமன் ரெயில் முறையில் பம்ப் அழுத்தத்தை மட்டும் ஏற்றிக் கொடுக்கிறது. எப்போது, எவ்வளவு என்பதை மின்னணு இன்ஜெக்டர் பார்த்துக்கொள்கிறது. அழுத்தமோ 2000 பாரையும் தாண்டிவிட்டது. சாய்வுப் பள்ளத்தின் வேலை போனது. மைக்ரான் துல்லியத்தின் தேவை கூடியிருக்கிறது.