சொந்த கார்ல கென்யா டு தான்சானியா: பார்டர்ல பணம் எங்க போகும், எங்க மாட்டும்?

நைரோபியில வேலை, இ.எம்.ஐ.ல ஒரு கார், லீவு கிடைச்சா அருஷா போகணும்னு ஆசை. இது உங்க கதைன்னா, இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

நைரோபியிலிருந்து நமங்கா பார்டர் சுமார் 160 கி.மீ. அங்கிருந்து அருஷா இன்னும் 110 கி.மீ. ரெண்டு நாட்லயும் இடது பக்கம்தான் ஓட்டணும். பெட்ரோல் செலவைக் கணக்கு போட்டுடலாம். பேப்பர்ல கோட்டை விட்டாதான் பட்ஜெட் எகிறும்.

முதல்ல ஒரு விஷயம் புரிஞ்சுக்கோங்க

வேற நாட்டு வண்டி உள்ள வந்தா, சுங்கத்துறை கண்ணுல அது இறக்குமதி. திரும்ப எடுத்துட்டுப் போயிடுவீங்கங்கிற நிபந்தனையில, வரி கேட்காம தற்காலிக இறக்குமதி அனுமதி கொடுக்கறாங்க. சுருக்கமா டி.ஐ.பி. அந்தத் தேதி தாண்டினா அபராதம், வண்டி பறிமுதல், முழு வரின்னு சிக்கல் வரலாம். தான்சானியாவில வாட் மட்டுமே 18%. 10 லட்ச ரூபாய் மதிப்புள்ள காருக்கு அதுவே குறைஞ்சது 1.8 லட்சம். இறக்குமதி வரி தனி!

கிளம்பும் முன்னாடி கையில இருக்க வேண்டியது

1. லாக்புக்: கடன்ல வாங்கின வண்டின்னா அதுல பேங்க் பேரும் இருக்கும். வண்டியை நாட்டை விட்டு வெளிய எடுத்துட்டுப் போக ஆட்சேபனை இல்லைன்னு பேங்க்ல கடிதம் வாங்கிடுங்க.

2. கொமேசா யெல்லோ கார்டு: இது மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ். தான்சானியா கொமேசா உறுப்பினர் இல்ல, ஆனா இந்தக் கார்டு அங்க செல்லும். உங்க கார் அடிபட்டா இது பணம் தராது. அதனால உங்க காம்ப்ரிஹென்சிவ் பாலிசியைத் தான்சானியாவுக்கும் நீட்டிக்கச் சொல்லி, எழுத்துல வாங்குங்க.

3. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கார்டு: இதையும் யெல்லோ கார்டுன்னுதான் சொல்வாங்க. குழப்பிக்காதீங்க, ரெண்டும் வேணும்.

4. விசா: 100 டாலர் கிழக்கு ஆப்பிரிக்க டூரிஸ்ட் விசா கென்யா, உகாண்டா, ருவாண்டாவுக்கு மட்டும்தான். தான்சானியா அதுல கிடையாது. இந்திய பாஸ்போர்ட்டுக்கு சாதாரண இ-விசா 50 டாலர். ஆன்லைன்லயே முன்கூட்டி எடுத்துடுங்க.

பார்டர்ல

நமங்கா 'ஒன் ஸ்டாப்' பார்டர். அதாவது, நீங்க நுழையற நாட்டுப் பக்கக் கட்டடத்துலயே ரெண்டு நாட்டு வேலையும் முடியும். "சீக்கிரம் முடிச்சுத் தர்றேன்"னு வர்ற ஆளுங்க கையில பணமோ பாஸ்போர்ட்டோ கொடுக்காதீங்க. கவுண்டர்ல மட்டும் கட்டுங்க, ஒவ்வொண்ணுக்கும் ரசீது வாங்குங்க. டி.ஐ.பி.ல வண்டி நம்பர், சேஸிஸ் நம்பர், கடைசித் தேதி மூணையும் அங்கயே நின்னு சரிபாருங்க.

திரும்பும்போது

இங்கதான் நிறைய பேர் அவசரப்படுவாங்க. பாஸ்போர்ட்ல ஸ்டாம்ப் விழுந்தா நீங்க வெளிய வந்தாச்சு. ஆனா சுங்கத்துல டி.ஐ.பி.யை முடிச்சாதான் வண்டி வெளிய வந்த கணக்கு. இல்லன்னா பதிவுல உங்க கார் இன்னும் தான்சானியாவிலயே இருக்கும்; அடுத்த தடவை போகும்போது கேள்வி வரும். ட்ரிப் நீளும்னா, தேதி முடியறதுக்கு முன்னாடியே நீட்டிப்பு கேளுங்க.

இ.எம்.ஐ. ஓடிட்டிருக்கிற வண்டி மாட்டினாலும் இ.எம்.ஐ. நிக்காது. அதனால அந்த ஒரு தாளை மட்டும் பத்திரமா வச்சுக்கோங்க மக்களே!