பை நிறையக் காற்று

2025-ஆம் ஆண்டு ஜனவரி 26. டெல்லியில் குடியரசு தின அணிவகுப்பு நடந்தது. குடியரசுத் தலைவர் இருந்த மேடைக்கு எதிரே ஒரு பேண்டுக் குழு வாசித்தது. குழுவில் எல்லோரும் பெண் பிள்ளைகள். ஜார்க்கண்ட் மாநிலத்தில் பட்டம்டா என்ற ஊரிலிருந்து வந்தவர்கள். கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலயாவில் படிப்பவர்கள். இது விடுதியோடு சேர்ந்த பள்ளி. ஏழைக் குடும்பத்துப் பெண் பிள்ளைகள் படிப்பை விட்டுவிடக் கூடாது என்று 2004-ல் கொண்டுவந்த திட்டம் இது.

அந்தப் பிள்ளைகளின் குழு பைப் பேண்டு. அதில் முக்கியமான வாத்தியம் பேக்பைப்.

பேக்பைப் எப்படி இருக்கும்? கொல்லன் பட்டறைத் துருத்தியைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல இதிலும் ஒரு பை உண்டு. வாசிப்பவர் பையை இடது கையிடுக்கில் வைத்துக்கொள்வார். ஒரு குழாய் வழியாகப் பைக்குள் ஊதுவார். முன்பக்கம் ஒரு குழல் இருக்கும். அதில் முன்னால் ஏழு துளை, பின்னால் கட்டைவிரலுக்கு ஒரு துளை. ஒன்பது சுரம் வாசிக்கலாம். நாதஸ்வரத்தில் இருப்பதுபோல இதிலும் சீவாளி உண்டு. ஆனால் அது உள்ளே மறைந்திருக்கும். வாயில் படாது.

தோளின்மேல் மூன்று குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை ஒரே சுரத்தை விடாமல் ஒலிக்கும். நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவார்கள் அல்லவா? அதே வேலைதான். இங்கே மட்டும் ஒத்துக்குத் தனி ஆள் வேண்டாம்.

இந்த வாத்தியம் ஸ்காட்லாந்துக்காரர்களுடையது. வெள்ளைக்காரர் ஆட்சியில் பட்டாளத்தோடு இந்தியாவுக்கு வந்தது. அவர்கள் போய்விட்டார்கள். வாத்தியம் இங்கேயே தங்கிவிட்டது. உத்தராகண்ட் மலை ஊர்களில் இதற்கு மஷக்பீன் என்று பெயர். அங்கே கல்யாண ஊர்வலத்தில் இதை வாசிக்கிறார்கள். இந்திய ராணுவத்தில் பல படைப்பிரிவுகளுக்குப் பைப் பேண்டு உண்டு. 1948-ல் தேசிய மாணவர் படை தொடங்கியது. அடுத்த ஆண்டே மாணவிகளுக்கும் பிரிவு வந்தது. மாணவர் படையிலும் பள்ளிகளிலும் இளைஞர் பேண்டுகள் இருக்கின்றன.

ஒரு பள்ளியில் பேண்டு தொடங்க வேண்டும். முதலில் என்ன செய்வது? பலர் முதலில் வாத்தியம் வாங்குகிறார்கள். அதுதான் தப்பு. முதலில் தேட வேண்டியது வாத்தியாரை. ராணுவ பேண்டில் வாசித்து ஓய்வு பெற்றவர் கிடைத்தால் நல்லது. அவருக்கு வாசிக்கவும் தெரியும், நடை பழக்கவும் தெரியும். வாத்தியார் இல்லாமல் வாங்கிய வாத்தியம் அலமாரியில் கிடக்கும். தோல் பை காய்ந்து வெடித்துவிடும்.

தொடக்கத்தில் யார் கையிலும் பேக்பைப் கொடுப்பதில்லை. சின்னதாக ஒரு பயிற்சிக் குழல் உண்டு. விலை குறைவு. சத்தமும் குறைவு. பல மாதம் அதில்தான் விரல் பழக வேண்டும். டிரம் அடிக்கும் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். ரப்பர் பலகையில் குச்சியால் தட்டிப் பழகுவார்கள். பிள்ளைகளுக்குச் சலிப்பு வரும். சிலர் நின்றுவிடுவார்கள். நல்ல வாத்தியார் இந்தச் சமயத்தில்தான் தெரிவார். வாரம் ஒரு சின்ன மெட்டாவது சொல்லித் தருவார்.

பேக்பைப்பில் ஒரு சங்கடம் உண்டு. சத்தம் நிற்காது. ஒரே சுரத்தை இரண்டு முறை வாசிக்க வேண்டும் என்றால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அதனால் நடுவில் வேறொரு சுரத்தை மின்னல்போலத் தொட்டுவிட்டு வர வேண்டும். இதற்குத்தான் அத்தனை மாதப் பயிற்சி.

பிறகு பை வரும். ஊதும்போது கை சும்மா இருக்கக் கூடாது. மூச்சு இழுக்கும்போது கை பையை அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் சத்தம் தள்ளாடும். முதல் நாள் பிள்ளைகளுக்குத் தலை சுற்றும். அதனால் மூன்று ஒத்துக் குழாய்களையும் முதலில் தக்கையால் அடைத்துவிடுவார்கள். பழகப் பழக ஒவ்வொன்றாகத் திறப்பார்கள். நின்று வாசிக்க வந்த பிறகுதான் நடந்துகொண்டே வாசிப்பது.

“பெண் பிள்ளைக்கு இவ்வளவு மூச்சு ஏது?” என்று கேட்பவர்கள் உண்டு. மூச்சு பலத்தை விடப் பழக்கம்தான் முக்கியம். தொடங்குபவர்களுக்கு இளகின சீவாளி போட்டுக் கொடுக்கலாம். காற்று ஒழுகும் பையைக் கொடுத்தால் பயில்வானும் திணறுவான். பட்டம்டா பிள்ளைகளிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது.

சுத்தம் மிக முக்கியம். ஊதும்போது எச்சில் ஈரம் உள்ளே போகும். துடைக்காமல் விட்டால் பூஞ்சை பிடிக்கும். 2014-ல் இங்கிலாந்தில் பேக்பைப் வாசித்த ஒருவர் நுரையீரல் நோயால் இறந்தார். அவருடைய வாத்தியத்துக்குள் பூஞ்சை இருந்தது. நோய்க்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் எழுதினார்கள். அதனால் வாசித்து முடித்ததும் கழற்றித் துடைத்துக் காய வைக்க வேண்டும். ஒருவர் ஊதும் குழாயை இன்னொருவர் வாயில் வைக்கக் கூடாது. மூடிய அறையில் பத்துப் பேர் வாசித்தால் காது கெடும். மைதானமோ மரத்தடியோ நல்லது.

இன்னொன்று. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் பெரிய பிள்ளைகள் போய்விடுவார்கள். அவர்களோடு பேண்டும் போய்விடும். பல பள்ளிகளில் இப்படி நடக்கிறது. அதனால் ஒவ்வோர் ஆண்டும் ஆறாம் வகுப்பில் சில பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும். மாலையில் பெரியவர்கள் மைதானத்தில் நடந்து வாசிக்கட்டும். சின்னவர்கள் ஓரமாக உட்கார்ந்து பயிற்சிக் குழலை ஊதட்டும்.