இளையோர் கையில் எந்த நூலைக் கொடுப்பது?

வெளிமாநிலத் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். ஊரிலுள்ள பாட்டியுடன் தொலைபேசியிலும் தடையின்றிப் பேசுகிறார்கள். தமிழ்ப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தால் மட்டும் எழுத்துக் கூட்டி அரைப் பக்கம் படித்துவிட்டு மூடி வைத்துவிடுகிறார்கள். பெற்றோர் பலர் எடுத்த எடுப்பில் 'பொன்னியின் செல்வ'னை நீட்டுவார்கள். அருமையான நூல்தான். ஆனால் ஐந்து பாகங்கள்! தட்டுத்தடுமாறிப் படிப்பவருக்கு அது மலைப்பையே தரும். எனவே, எளியதிலிருந்து தொடங்கி, வகைக்கு ஒன்றாக ஐந்து நூல்கள்:

நகைச்சுவை: தேவனின் 'துப்பறியும் சாம்பு'. மூளையால் அல்ல, அதிர்ஷ்டத்தால் துப்புத் துலக்கும் அப்பாவியின் கதைகள். ஒவ்வொன்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம். 'தமிழில் ஒரு கதை படித்து முடித்தேன்' என்ற தெம்பு முதலில் வர வேண்டும்.

விஞ்ஞானம்: சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. ஜீனோ என்னும் இயந்திர நாயை விரும்பாத பிள்ளை இராது. சிறிய வாக்கியங்கள், பேச்சை ஒட்டிய நடை. கணிப்பொறியில் நாட்டமுள்ளவர்களுக்கு ஏற்றது.

சரித்திரம்: கல்கியின் 'பார்த்திபன் கனவு'. பல்லவர் காலக் கதை. மற்ற இரு பெரும் சரித்திர நாவல்களைவிட அளவில் சிறியது. இதைத் தாண்டியவர்கள் 'பொன்னியின் செல்வ'னைத் தாங்களே கேட்டு வாங்குவார்கள்.

வாழ்க்கை வரலாறு: உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. பெரிய நூல், முதல் பக்கத்திலிருந்தே தொடங்க வேண்டியதில்லை. கும்பகோணத்தில் இராமசாமி முதலியாரைச் சந்திக்கும் பகுதியைப் படிக்கச் சொல்லுங்கள். அந்தச் சந்திப்பே 1887இல் 'சீவக சிந்தாமணி' அச்சேற வித்திட்டது. ஏட்டுச்சுவடி தேடும் படலம் துப்பறியும் கதைக்குச் சளைத்ததல்ல.

சமூக நாவல்: அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு'. 1948இல் ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்த காலத்தில், செகந்திராபாத்தில் வாழும் தமிழ் மாணவன் சந்திரசேகரனின் கதை. வேற்றுமொழிச் சூழலில் வளரும் நம் பிள்ளைகள் தங்களையே இதில் காண்பார்கள். முடிவு மனத்தை உலுக்கும்; பதினேழு வயதுக்குமேல் கொடுப்பது நலம்.

நூலைத் தேர்ந்தெடுக்கும்போது நமக்குப் பிடித்தது எது என்பதைவிட, பிள்ளையின் நாட்டம் எதில் என்பதைப் பாருங்கள். கிரிக்கெட்டே உலகம் என்றிருக்கும் பையனுக்குச் சரித்திரம் கசக்கலாம்; சாம்பு இனிக்கலாம். முதல் சில பக்கங்களை நீங்கள் உரக்கப் படித்துக் காட்டுங்கள். கதை சூடு பிடித்ததும் புத்தகத்தை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். தவறாக உச்சரித்தால் உடனுக்குடன் திருத்தாதீர்கள். பிடிக்காத நூலை முடித்தே தீர வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். வேறொன்றை எடுத்துக் கொடுங்கள்.

வீட்டில் பேச்சு மட்டுமே மிஞ்சினால், அடுத்த தலைமுறையில் அதுவும் தேய்ந்துவிடும். பதினைந்து வயதில் ஒரு தமிழ்க் கதையை ரசித்துப் படித்தவர், நாளை தம் பிள்ளைக்கும் ஒன்றைப் படித்துக் காட்டுவார்.