ஒரு வழக்கு, மூன்று பாடம்

உடுமலைப்பேட்டைக்குத் தென்கிழக்கே, அமராவதி ஆற்றங்கரையில் இருக்கிறது கொமரலிங்கம். வாய்க்கால் பாசனம், நெல், கரும்பு, தென்னை என்று பச்சை பிடித்த ஊர். இந்த ஊரின் பெயர் வெளியூர்க்காரர்களுக்குப் பழகியது ஒரு கொலை வழக்கால்.

2016 மார்ச் 13, ஞாயிற்றுக்கிழமை. பட்டப்பகலில் உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டு அருகே மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் ஓர் இளம் தம்பதியை வெட்டிச் சாய்த்தார்கள். கொமரலிங்கத்தைச் சேர்ந்த 22 வயது பொறியியல் மாணவர் சங்கர் உயிரிழந்தார். அவருடைய மனைவி, பழனியைச் சேர்ந்த 19 வயது கௌசல்யா, தலையில் வெட்டுக்காயங்களோடு பிழைத்தார். சங்கர் பட்டியல் சாதியில் பிறந்தவர், கௌசல்யா வேறு சாதி. திருமணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

இந்த வழக்கைப் பற்றிச் செய்தித்தாள்கள் நிறைய எழுதிவிட்டன. இதையே ஒரு கல்லூரி மாணவி தன் செமஸ்டர் புராஜெக்டாக எடுத்தால் எங்கே தொடங்குவாள்? கலை ஆய்வு, குற்றவியல், பண்புசார் ஆய்வு முறை ஆகிய மூன்றும் பாடத்திட்டத்தில் வெவ்வேறு தாள்கள். தேர்வும் தனித்தனி. ஆனால் உடுமலையில் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த மூன்றும் தேவைப்படுகின்றன.

தோளில் கிடந்த துண்டு

அந்தத் தாக்குதல் அருகிலிருந்த கண்காணிப்பு கேமராவில் பதிவானது. சில நாட்களிலேயே தொலைக்காட்சி வழியாகவும் வாட்ஸ்அப் வழியாகவும் தமிழ்நாடு முழுக்க அந்தக் காட்சி பரவிவிட்டது. நீதிமன்றத்துக்கு அது சான்று: வந்தவர்கள் யார், எந்த வண்டி, எத்தனை மணி. கலை ஆய்வு படிக்கும் மாணவி அதே காட்சியிடம் வேறு கேள்விகளைக் கேட்பாள். கேமரா எந்த உயரத்தில் இருக்கிறது? எதைக் காட்டுகிறது, எது சட்டகத்துக்கு வெளியே போகிறது? சுற்றி நிற்பவர்கள் எந்தப் பக்கம் நகர்கிறார்கள்? டிவி அதை எத்தனை முறை ஓட்டியது, எந்த இடத்தில் நிறுத்தியது?

படத்தை வாசிக்க ஒரு முறை உண்டு. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கலை வரலாற்றாளர் எர்வின் பானோஃப்ஸ்கி 1939இல் வெளியிட்ட நூலில் அதை மூன்று படிகளாகப் பிரித்தார். தெருவில் எதிர்ப்படும் ஒருவர் தொப்பியைத் தூக்குகிறார் என்பது அவர் சொன்ன உதாரணம். நம் ஊருக்குத் தொப்பி பொருந்தாது, துண்டு பொருந்தும். ஒருவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறார். ஒரு துணி இடம் மாறியது என்பது முதல் படி, கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். அது மரியாதைக்கான சைகை என்று அறிவது இரண்டாம் படி. யார் யார் முன்னால் துண்டை எடுக்க வேண்டியிருந்தது, எடுக்காதவருக்கு என்ன நேர்ந்தது, எப்போதிலிருந்து அந்த வழக்கம் தேய்ந்தது என்று கேட்பது மூன்றாம் படி. அங்கே போனதும் துண்டைப் பற்றிய பேச்சு சாதியைப் பற்றிய பேச்சாகிவிடுகிறது.

ஊர்க்கோயில்களில் நிற்கும் மதுரைவீரன் சிலைக்கும் இந்தப் படிகள் பொருந்தும். மீசை, கையில் ஆயுதம், இருபுறமும் இரண்டு பெண்கள் என்பது முதல் பார்வை. அவர்கள் பொம்மியும் வெள்ளையம்மாளும் என்பது கதை தெரிந்தவர் சொல்வது. மூன்றாவதாக வரும் கேள்வி கனமானது: அருந்ததியர் வீட்டில் வளர்ந்து, நாயக்கர் வீட்டுப் பெண்ணைக் காதலித்து, கடைசியில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் செத்தவனை அதே சமூகம் ஏன் சாமியாக்கிக் கும்பிடுகிறது?

நாட்டார் இலக்கிய ஆய்வாளர் நா. வானமாமலை இப்படிப்பட்ட கதைப்பாடல்களைத் தேடித் தொகுத்தவர். 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் அவற்றை வெளியிட்டது. பாபநாசம் பக்கத்து முத்துப்பட்டன் கதையில் பிராமணன் ஒருவன் சக்கிலியர் வீட்டு அக்கா தங்கை இருவரை மணக்கிறான். பின்னால் வந்த வடிவங்களில் அந்தப் பெண்கள் பிறப்பால் உயர்குலம், சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவர்கள் மட்டுமே என்று கதை திருத்தப்படுகிறது. மதுரைவீரனும் காசி ராஜாவின் பிள்ளை ஆகிவிடுகிறான். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த படத்திலும் அவன் அரச குலத்தில் பிறந்தவன்தான். சாதி தாண்டிய காதலைப் பாட்டில் ரசித்தவர்களுக்கும் அது அப்படியே தொண்டையில் இறங்கவில்லை. பிறப்பை மாற்றி எழுதினால்தான் இறங்கியது. ஒரு பிரதியை இன்னொரு பிரதியோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இது பிடிபடும். கலை ஆய்வு என்பது ரசனைக் குறிப்பு எழுதுவது என்று நினைப்பவர்கள் தவறவிடுவதும் இதைத்தான்.

"நாங்க என்ன பண்றதுங்க?"

குற்றவியலைச் சட்டப் படிப்போடு குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். இன்ன செயல் குற்றமா, அதற்கு எந்தப் பிரிவு என்பது சட்டத்தின் வேலை. அந்தக் குற்றம் ஏன் அந்த இடத்தில், அந்த ஆளால், அந்த நேரத்தில் நடந்தது, அதன் பிறகு பாதிக்கப்பட்டவருக்கு என்ன ஆனது என்று தேடுவது குற்றவியல். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் இதற்குத் தனித்துறையே இருக்கிறது.

வகுப்பில் முதல் சில வாரங்களிலேயே வரும் ஒரு கோட்பாடு 1979இல் லாரன்ஸ் கோஹனும் மார்கஸ் ஃபெல்சனும் எழுதியது. குற்றம் நடக்க மூன்று சேர வேண்டும் என்றார்கள்: செய்யத் துணிந்தவன், அவனுக்கு வாகான இலக்கு, தடுக்கக்கூடியவர் இல்லாத நிலை. உடுமலையில் ஆள் நடமாட்டத்துக்குப் பஞ்சமில்லை, தடுக்கக்கூடியவர்தான் இல்லை. கூட்டமும் காவலும் ஒன்றில்லை என்று இந்தக் கோட்பாடு தெளிவாகக் காட்டுகிறது. ஆனால் கொல்லும் துணிவு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

அதற்கு இன்னும் பின்னால் போக வேண்டும். கிரெஷம் சைக்ஸ், டேவிட் மாட்ஸா என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 1957இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். தப்பு என்று தெரிந்தே தப்புச் செய்யும் சிறுவர்கள் தங்கள் மனச்சாட்சியை எப்படி வாயடைக்கிறார்கள் என்பது அதன் கேள்வி. ஐந்து வகைச் சாக்குகளை அவர்கள் வரிசைப்படுத்தினார்கள். கொங்குத் தமிழில் சொன்னால் யாருக்கும் விளங்கும். "நாங்க என்ன பண்றதுங்க, நிலைமை அப்படி" என்பது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது. "அப்படி என்ன பெருசா ஆயிப்போச்சு" என்பது பாதிப்பையே மறுப்பது. "அவனுக்கு வேணும்" என்பது பாதிக்கப்பட்டவரைக் குற்றவாளியாக்குவது. "பேசறவிய மட்டும் யோக்கியமா" என்பது கேட்பவர் மேலேயே பாய்வது. ஐந்தாவது, "குடும்ப மானத்தை விட எது பெருசு?" சட்டத்தை விடப் பெரிய ஒன்றுக்குத் தான் கட்டுப்பட்டவன் என்று சொல்லிக்கொள்வது.

ஆணவக் கொலைகளில் இந்த ஐந்தாவது சாக்கு கொலை செய்தவரோடு நிற்பதில்லை. டீக்கடையிலும் பேசப்படும், கல்யாண மண்டபத்திலும் பேசப்படும். அரிவாளைத் தொட்டே இராத மனிதர்களும் அதைச் சொல்வார்கள். அங்கேதான் குற்றவியல் மாணவிக்கு மூன்றாவது தாளின் உதவி தேவைப்படுகிறது.

28, 251, அதன் பிறகு?

தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 2014 முதல்தான் ஆணவக் கொலைகளுக்குத் தனிக் கணக்கு வைக்கத் தொடங்கியது. அந்த ஆண்டில் நாடு முழுக்க 28. அடுத்த ஆண்டில் 251. 2020இல் 25. ஒரே வருடத்தில் இந்தியக் குடும்பங்கள் ஒன்பது மடங்கு கொடூரமாகி, பிறகு திருந்திவிட்டனவா? போலீஸ் ஸ்டேஷனில் எழுதுகிறவர் கொலைக்கான காரணம் என்ற இடத்தில் என்ன எழுதினார் என்பதைப் பொறுத்தும் அந்த எண் ஏறி இறங்கும். தற்கொலை என்றும் குடும்பத் தகராறு என்றும் பதிவானவை இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை.

எண் சொல்லாததைக் கேட்டுப் பெறுவதுதான் பண்புசார் ஆய்வு. எத்தனை பேர் என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள், எந்தச் சொல்லால் பார்க்கிறார்கள் என்று கேட்கும் முறை. இது எளிது என்று நினைத்து இறங்குகிறவர்கள் முதல் பேட்டியிலேயே சறுக்குவார்கள்.

ஒரு மாணவி திண்ணையில் உட்கார்ந்து, "நீங்க சாதி பார்ப்பீங்களா?" என்று கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். "அதெல்லாம் அந்தக் காலமுங்க கண்ணு, இப்ப ஆரு பாக்கறா?" என்று பதில் வரும். அதோடு பேட்டி முடிந்தது. அதே வீட்டில், "உங்க மூத்த பொண்ணுக்கு வரன் எப்படீங்க பார்த்தீங்க?" என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேச்சு ஓடும். எந்தத் தரகர், எந்தக் கூட்டம், எந்த ஊர் வேண்டாம் என்றார்கள், யாரைக் கலந்தார்கள் என்று எல்லாம் அதில் வரும். சாதி என்ற சொல் ஒரு முறைகூட வராமல் போகலாம். "நம்ம ஆளுங்க" என்பது மட்டும் பத்து முறை வரும். அந்தப் பத்து இடங்களையும் அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றும் யாரை உள்ளே வைத்து யாரை வெளியே தள்ளுகிறது என்று பார்ப்பதுதான் ஆய்வின் அடுத்த கட்டம்.

இந்த வகை ஆய்வுக்குத் திருப்பூர் வட்டாரம் புதிதல்ல. பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் 1964 முதல் 1966 வரை காங்கேயம் அருகே ஓலப்பாளையத்தில் தங்கி, கொங்குச் சாதிகளின் உறவுமுறை, சடங்கு, விருந்து எல்லாவற்றையும் குறித்துவைத்தார். 1972இல் அது புத்தகமாக வந்தது. அங்கே பாடப்பட்ட அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தவரும் அவர்தான். ஊரைப் படிக்கப் போனவர் ஊரின் பாட்டையும் படித்தார், ஒன்று இல்லாமல் மற்றது விளங்காது என்று கண்டார். பின்னர் சரத் சாரி என்ற ஆய்வாளர் திருப்பூர்ப் பனியன் கம்பெனி முதலாளிகளிடம் பேட்டி எடுத்தார். தொழிலாளிகளாக இருந்த கவுண்டர்கள் எப்படி முதலாளிகள் ஆனார்கள் என்று கேட்டபோது, திரும்பத் திரும்பக் காதில் விழுந்த பதில் "உழைப்பு". அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே நிலம், சாதி, உறவு, கடன் என்று பிரித்துக் காட்டிய அவரது நூல் 2004இல் வந்தது.

தீர்ப்பு நிற்கும் இடம்

2017 டிசம்பர் 12 அன்று திருப்பூர் நீதிமன்றம் சங்கர் கொலை வழக்கில் கௌசல்யாவின் தந்தை உட்பட ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. தாய் உட்பட மூவர் விடுதலையானார்கள். 2020 ஜூன் 22 அன்று சென்னை உயர்நீதிமன்றம் தந்தை மீதான சதிக் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று அவரை விடுவித்தது. மற்ற ஐவரின் மரண தண்டனை, குறைந்தது 25 ஆண்டுச் சிறை என்ற நிபந்தனையோடு ஆயுள் தண்டனையானது. தாயின் விடுதலையையும் அது உறுதி செய்தது.

ஆய்வு மாணவி இங்கே ஒரு கோட்டை மதிக்க வேண்டும். நீதிமன்றத்தின் கேள்வி, இன்னார் இதைச் செய்தார் என்று ஐயமின்றி நிரூபணமானதா என்பது. அவளுடைய கேள்வி, இது நடக்கக்கூடிய ஒன்று என்று எண்ணும் மனநிலை ஊரில் எப்படி உருவாகிறது என்பது. பேட்டியில் காதில் விழுந்த ஊர்ப்பேச்சை வைத்து விடுதலையானவரைக் குற்றவாளி என்று எழுத அவளுக்கு உரிமை இல்லை. பேட்டி தந்தவரின் பெயரை மறைப்பது, சம்மதம் வாங்குவது, வேண்டாம் என்றால் எழுந்து வந்துவிடுவது, துக்க வீட்டில் மைக்கை நீட்டாமல் இருப்பது எல்லாம் பண்புசார் ஆய்வுத் தாளின் இணைப்பு விதிகள் போலத் தோன்றும். உண்மையில் பாடமே அதுதான்.

கௌசல்யா தன் குடும்பத்தாருக்கு எதிராகவே நீதிமன்றப் படியேறினார். கொமரலிங்கத்தில் சங்கரின் வீட்டாரோடு இருந்தார், பறை கற்றுக்கொண்டார், சங்கர் பெயரில் சமூகநீதி அறக்கட்டளை தொடங்கினார். சாவுக்கு அடிப்பது என்று ஒதுக்கப்பட்ட தோற்கருவி மேடையில் உரிமைக் குரலானதை எழுதக் கலை ஆய்வு வேண்டும். பாதிக்கப்பட்டவர் சாட்சியாகவும் போராளியாகவும் மாறும் வழியை எழுதக் குற்றவியல் வேண்டும். அதை அவர் வாயாலேயே கேட்பதற்குப் பேட்டி எடுக்கத் தெரிய வேண்டும்.

ஒரு சொல் இதற்கிடையில் மாறியிருக்கிறது. முன்பு செய்திகளில் "கௌரவக் கொலை" என்றே எழுதினார்கள். கொலையில் என்ன கௌரவம் என்ற கேள்வி எழுந்து, இன்று "ஆணவக் கொலை" என்பது பொதுவழக்காகிவிட்டது. 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு இதற்குத் தனிச் சட்டம் பற்றிப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அறிவித்தது. சட்டத்தின் பெயரில் எந்தச் சொல் ஏறும் என்பதும் சிறிய விஷயம் அல்ல.

அதனால் கல்லூரி ஆசிரியர்களிடம் கேட்க ஒன்று உண்டு. உடுமலையிலோ திருப்பூரிலோ மாணவர்கள் எடுக்கும் பேட்டிகள் கொங்குத் தமிழில் நடக்கின்றன, ஆங்கிலத்தில் சமர்ப்பிக்கப்படுகின்றன. "மானம்", "வரன்", "நம்ம ஆளுங்க" என்ற மூன்றும் மொழிபெயர்ப்பில் வழுவழுப்பாகிவிடுகின்றன. ஆய்வறிக்கை எந்த மொழியில் இருந்தாலும் இருக்கட்டும். பேசியவர் பேசியபடியே எழுதிய தமிழ்ப் படியைப் பின்னிணைப்பாகக் கேட்டு வாங்குங்கள், அதற்கும் மதிப்பெண் போடுங்கள்.